காலி சீட், ஓடிய பம்ப்: ஒரு பேட்டரி ஃபோர்க்லிஃப்டின் பாடி லீக்கேஜ் ஆய்வு

நடந்தது என்ன

வண்டி 2 டன் தூக்கும், உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி ஃபோர்க்லிஃப்ட். 48 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி. ஒரு கிடங்கின் லோடிங் தளத்தில் ஆபரேட்டர் பேலட்டைத் தூக்கி, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வைத்துக்கொண்டு வண்டியை நிறுத்தினார். பார்க்கிங் பிரேக் போட்டார், திசை லீவரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார், சரக்குச் சீட்டைச் சரிபார்க்க இறங்கினார். சாவி மட்டும் ஆனில் இருந்தது.

சீட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்த பேனாவை எடுக்க வெளியில் நின்றபடியே உள்ளே எட்டினார். முழங்கை டில்ட் லீவரில் பட்டது. பம்ப் மோட்டார் ஓடியது, ஃபோர்க்கைத் தாங்கும் செங்குத்துச் சட்டமான மாஸ்ட் முன்பக்கம் சாய்ந்தது, பேலட்டின் மேலடுக்குப் பெட்டிகள் சரிந்து விழுந்தன. அந்தப் பக்கம் யாரும் நிற்கவில்லை என்பதால் அடி எதுவும் இல்லை.

சீட்டில் ஆள் இல்லாதபோது பம்ப் ஓடவே கூடாது. உட்கார்ந்து ஓட்டும் வண்டிகளில் ஆள் இருக்கையில் இல்லாவிட்டால் ஓட்டமும் தூக்கலும் நிற்க வேண்டும் என்பது ஐஎஸ்ஓ 3691-1 தரநிலையின் அடிப்படை எதிர்பார்ப்புகளில் ஒன்று. அதற்காகவே சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது.

எல்லோரும் முதலில் சொன்னது ஒன்றுதான்: யாரோ சீட் ஸ்விட்சைத் தாண்டி நேராக ஒயர் இணைத்து, அதாவது ஜம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள். இந்தச் சந்தேகத்தில் தப்பில்லை, பத்தில் ஒன்பது முறை அதுதான் இருக்கும். ஆனால் சீட்டைத் தூக்கிப் பார்த்தபோது ஜம்பர் இல்லை. ஸ்விட்ச் புதிதுபோல இருந்தது. அழுத்தினால் இணைந்தது, விட்டால் பிரிந்தது. பட்டறையில் வண்டியை ஓட்டி, சீட்டிலிருந்து எழுந்து பார்த்தார்கள். பம்ப் ஒழுங்காக நின்றது. "பழுது ஏதும் இல்லை" என்று எழுதி, வண்டியைத் திருப்பிக் கொடுக்கவும் தயாராகிவிட்டார்கள். கிடங்கின் பாதுகாப்பு அதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை. பம்ப் ஓடியதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கும்போது, பழுது இல்லை என்ற தாளில் அவர் கையெழுத்துப் போட மறுத்தார். அப்படித்தான் வண்டி எங்களிடம் வந்தது.

சீட் ஸ்விட்ச் பேசும் மொழி

பேட்டரியிலிருந்து வரும் கரண்ட் பெரிய பிளக் வழியாக மெயின் ஃபியூஸ், அங்கிருந்து லைன் காண்டாக்டர் என்ற பெரிய மின் ஸ்விட்ச், அப்புறம் ஓட்ட மோட்டாருக்கும் பம்ப் மோட்டாருக்கும் தனித்தனிக் கன்ட்ரோலர் என்று போகிறது. இது தடித்த கேபிள்களின் பாதை. இதோடு சேர்ந்து மெல்லிய ஒயர்களில் இன்னொரு பாதை உண்டு. சாவியைத் திருப்பினால் சிறு ஃபியூஸ் ஒன்றின் வழியாகப் பிளஸ் வோல்டேஜ் சீட் ஸ்விட்சுக்கு வரும். ஆள் உட்கார்ந்தால் ஸ்விட்ச் இணைந்து, அந்தப் பிளஸ் கன்ட்ரோலர்களின் ஒரு முனைக்குப் போகும். அங்கே வோல்டேஜ் இருந்தால் 'ஆள் இருக்கிறார்', இல்லாவிட்டால் 'ஆள் இல்லை'. கன்ட்ரோலருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

மேடு பள்ளத்தில் ஓட்டுநர் ஒரு கணம் எம்பினால் வண்டி நின்றுவிடக் கூடாது என்பதற்காக ஓரிரு நொடி தாமதம் வைத்திருப்பார்கள். இந்த வண்டியில் ஸ்விட்சிலிருந்து ஒரே ஒயர்தான் கிளம்புகிறது. பின்னால் போய் ஓட்டத்துக்கும் பம்புக்கும் கிளை பிரிகிறது. ஆகவே அந்த ஒயரில் பொய்யான பிளஸ் ஏறினால் இரண்டு பாதுகாப்பும் சேர்ந்தே போகும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். காரில் பாடிதான் மைனஸ். பேட்டரி ஃபோர்க்லிஃப்டில் அப்படி இல்லை. பிளஸ், மைனஸ் இரண்டுமே பாடியோடு சேராமல் தனித்து நிற்க வேண்டும். எங்காவது ஒரு ஒயர் உரசிப் பாடியைத் தொட்டாலும் கரண்ட் ஓடுவதற்குச் சுற்று முழுமையாகாது, எதுவும் நடக்காது என்பதுதான் இதன் பலன். கெடுதல் நடக்க இரண்டாவது இடத்திலும் தொட வேண்டும். கார் ஒயரிங் பழகிய கை, கூடுதல் விளக்கு ஒன்றை மாட்டும்போது அதன் மைனஸைப் பாடியில் முடுக்கிவிட்டுப் போவதுண்டு. அந்த நிமிடமே முதல் தொடுதலை அவர் இலவசமாகக் கொடுத்துவிடுகிறார். எங்கள் வண்டியில் அப்படி எதுவும் இல்லை, தேடிப் பார்த்தோம்.

நல்ல பேட்டரி, மோசமான பேட்டரி

கிடங்கில் வண்டிக்கு இரண்டு பேட்டரி. ஒன்று சார்ஜில் இருக்கும்போது மற்றது வண்டியில் இருக்கும். புகார்ப் புத்தகத்தைப் புரட்டியபோது சம்பவத்துக்கு முன்னாலேயே இந்த வண்டியைப் பற்றி ஒரு முனகல் ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது: "ஓடும்போது கட் ஆகிறது, சாவியை ஆஃப் செய்து போட்டால் சரியாகிறது." சில ஷிஃப்டுகளில்தான் இது வந்திருக்கிறது. ஆபரேட்டர்களைக் கேட்டால் தயங்காமல் சொன்னார்கள்: இரண்டாம் எண் பேட்டரி போட்டால்தான் கட் ஆகும், முதல் எண் பேட்டரி போட்டால் வண்டி தங்கமாக ஓடும். இதை நம்பி இரண்டாம் பேட்டரியை லோடு டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது சுத்தமாகத் தேறி வந்தது.

சம்பவத்தன்று வண்டியில் இருந்தது அந்தத் தங்கமான முதல் பேட்டரி. பட்டறைச் சோதனையின்போது அது சார்ஜுக்குப் போய்விட்டது, வண்டியில் இருந்தது இரண்டாவது. 'பழுது இல்லை' என்று வந்ததற்குக் காரணம் இதுதான் என்று நாங்கள் சந்தேகப்பட்டோம். முதல் பேட்டரியைக் கழுவாமல், துடைக்காமல், இருந்த நிலையிலேயே கொண்டுவரச் சொன்னோம். சம்பவம் நடந்தவுடன் எல்லாவற்றையும் சுத்தம் செய்யக் கை துடிக்கும். இந்த வழக்கில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியிருந்தால் பாதி சாட்சி வடிகாலில் போயிருக்கும்.

ஓட்டும் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டைகள் மேல் நிறுத்தினோம். ஃபோர்க்கைக் கீழே இறக்கி, முதல் பேட்டரியை மாட்டி, பேட்டரி மூடியைச் சாத்திவிட்டுச் சாவியை ஆன் செய்தோம். சீட்டில் யாரும் இல்லை. கன்ட்ரோலரைப் படிக்கும் கைக்கருவியில் சீட் முனை 'ஆன்' என்று காட்டியது. டில்ட் லீவரைத் தொட்டால் பம்ப் ஓடியது. இரண்டாம் பேட்டரியை மாற்றியதும் அதே முனை 'ஆஃப்'. முதல் பேட்டரியைத் தூக்கிப் பக்கத்து வண்டியில் வைத்தால் அந்த வண்டியின் சீட் பாதுகாப்பு ஒழுங்காக வேலை செய்தது.

ஆக வண்டியைத் தனியாகச் சோதித்தால் தேறும், பேட்டரியைத் தனியாகச் சோதித்தாலும் தேறும். இரண்டும் சேர்ந்தால்தான் பழுது. பிழைப் பதிவிலும் ஒன்றும் இல்லை. இருக்கவும் இருக்காது, ஏனென்றால் கன்ட்ரோலரின் பார்வையில் ஓட்டுநர் எப்போதும் சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

பேட்டரியை அளந்தது

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரிப் பக்கம் மட்டும் அளந்தோம். பிளஸுக்கும் மைனஸுக்கும் இடையே 50.2 வோல்ட். 24 செல், செல்லுக்குச் சுமார் 2.1 வோல்ட், கணக்குச் சரி. பேட்டரியின் இரும்புப் பெட்டிக்கும் மைனஸுக்கும் இடையே 46.0 வோல்ட். பெட்டிக்கும் பிளஸுக்கும் 4.2 வோல்ட்.

இந்த எண்களை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கு வரக்கூடாது. டிஜிட்டல் மல்டிமீட்டர் உள்ளே எடுக்கும் கரண்ட் மிகவும் குறைவு, அதனால் தூசி ஈரம் வழியாக வரும் சொற்பக் கசிவைக்கூட முழு வோல்டேஜாகக் காட்டிவிடும். இரண்டாம் பேட்டரியும்தான் பெட்டிக்கும் மைனஸுக்கும் இடையே 19 வோல்ட் காட்டியது. எது நிஜக் கசிவு, எது பேய் வோல்டேஜ் என்று பிரிக்க ஒரு சின்ன வேலை போதும். 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் பெட்டிக்கும் மைனஸுக்கும் நடுவே சேர்த்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். இரண்டாம் பேட்டரியில் 19 வோல்ட் சட்டென்று 0.3க்கு விழுந்தது. அதாவது கசிவின் எதிர்ப்பு 60 கிலோ ஓமுக்கும் மேல், கவலைப்பட ஒன்றுமில்லை. முதல் பேட்டரியில் 46.0 வோல்ட் 30.7க்குத்தான் இறங்கியது. 46.0ஐ 30.7ஆல் வகுத்து, ஒன்றைக் கழித்து, ஆயிரத்தால் பெருக்கினால் சுமார் 500 ஓம்.

ஐரோப்பியத் தரநிலையான இஎன் 1175 சொல்லும் வரம்பு, பேட்டரிக்கு ஒரு வோல்ட்டுக்கு 50 ஓம், பேட்டரி நீங்கலான வண்டிக்கு ஒரு வோல்ட்டுக்கு 1000 ஓம். 48 வோல்ட் பேட்டரிக்குக் குறைந்தது 2400 ஓம் இருக்க வேண்டும். இங்கே இருப்பது அதில் ஐந்தில் ஒரு பங்கு.

கசிவு எந்த இடத்தில்? மீட்டரின் ஒரு முனையைப் பெட்டியின் சுரண்டிய இரும்பில் வைத்து, மறுமுனையைச் செல் இணைப்புகள் மேல் ஒவ்வொன்றாக நகர்த்தினோம். செல்லுக்கு 2.1 வோல்ட் வீதம் குறைந்து வந்து, பிளஸ் பக்கமிருந்து இரண்டாவது செல்லுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் பூஜ்யத்தைத் தொட்டது. பல இடங்களில் கசிந்தால் இந்த முறை நடுவாந்தரமான ஓர் இடத்தைத்தான் காட்டும், அதனால் கண்ணாலும் பார்த்தாக வேண்டும். பார்த்தோம். செல்லின் மேலே வாயு வெளியேறும் துளையை மூடும் வென்ட் மூடி சரியாக உட்காரவில்லை. சுற்றிலும் வெள்ளைப் பூச்சு. செல்லுக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையே ஈரப் பாதை, அது முடியும் இடத்தில் பெயின்ட் உரிந்து துருவேறிய இரும்பு.

ஈரம் எப்படி வந்தது என்பது சார்ஜிங் அறையில் தெரிந்தது. டிஸ்டில்ட் வாட்டரைச் சார்ஜ் போடுவதற்கு முன்னால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சார்ஜ் ஏறும்போது செல்லுக்கு 2.4 வோல்ட்டை ஒட்டி வாயு வெளிவரத் தொடங்கும், குமிழிகளாலும் சூட்டாலும் திரவம் மேலே எழும்பும். ஏற்கெனவே விளிம்புவரை நிரம்பிய செல் வழியாமல் என்ன செய்யும்? தட்டுகள் வெளியே தெரிந்தால் அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் முன்னால் ஊற்றலாம், மீதியைச் சார்ஜ் முடிந்த பிறகுதான். வழிந்ததில் தண்ணீர் ஆவியாகும், கந்தக அமிலம் தங்கிவிடும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் பேட்டரியின் மேல்பரப்பு துடைத்தாலும் காய்வதில்லை.

மூடியைத் திறந்தால் மறையும் பழுது

வண்டிப் பக்கம் இன்னும் சுவாரஸ்யம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கன்ட்ரோலருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்களில் கிட்டத்தட்ட முழு வோல்டேஜ் நிற்கும். ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகுதான் கை வைத்தோம். ஸ்க்ரூடிரைவரால் பொறி பறக்க வைத்து இறக்கும் வீர சாகசம் கன்ட்ரோலருக்கும் நல்லதல்ல, கண்ணுக்கும் நல்லதல்ல.

இந்த வண்டியில் சீட் பொருத்தியிருப்பது பேட்டரி மூடியின் மேல். பேட்டரியைப் பார்க்க வேண்டுமானால் சீட்டோடு சேர்த்து மூடியைத் தூக்க வேண்டும். சீட் ஸ்விட்ச் ஒயரும் மூடியின் கீல் அருகே வளைந்து வளைந்து கூடவே நகரும். யார் சோதித்தாலும் முதலில் மூடியைத் தூக்குவார்கள், ஒயரைப் பிடித்து அளப்பார்கள், நன்றாக இருக்கிறது என்பார்கள். நாங்கள் மூடியைச் சாத்தியே வைத்து, பின்பக்கக் கவரைக் கழற்றி, கன்ட்ரோலரின் கனெக்டரை உருவி, ஒயரின் அந்த முனைக்கும் பாடிக்கும் இடையே ஓம் பார்த்தோம். அரை ஓமுக்கும் குறைவு, நேரடித் தொடுதல். மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு ஒருவர் மூடியை மெல்லத் தூக்கினார். ஒரு கை அகலம் எழுந்ததும் தொடுதல் அறுந்தது. சாத்தினால் மறுபடி ஒட்டியது.

கீலுக்குப் பக்கத்தில் ஒயரை ஒரு கேபிள் டையால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். மூடி சாத்தும்போது ஒயர் தகட்டின் விளிம்பில் போய் அழுந்தியது. இன்சுலேஷன் ஒரு நகக்கீறல் அளவுக்கு வெட்டுப்பட்டு, செம்பு இழைகள் பளபளத்தன. இழைகள் அறுந்தும் இருந்தன. பழைய 'கட் ஆகிறது' புகாருக்கு விடை இந்த அறுந்த இழைகள்தான். குலுங்கலில் அவை தாமத நேரத்தையும் தாண்டிப் பிரிந்தபோதெல்லாம் வண்டி நின்றது.

இப்போது எல்லாம் பொருந்துகிறது. முதல் பேட்டரி மாட்டினால் அதன் இரும்புப் பெட்டியோடு சேர்ந்து பாடி முழுவதும் மைனஸிலிருந்து 46 வோல்ட் உயரத்தில் நிற்கிறது. வெட்டுப்பட்ட ஒயர் பாடியைத் தொடுவதால் அந்த வோல்டேஜ் கன்ட்ரோலரின் சீட் முனைக்குப் போகிறது. அந்த முனை எடுப்பது சொற்பக் கரண்ட், 500 ஓம் கசிவே அதற்குத் தாராளம். சீட் காலியாக இருந்தாலும் 'ஆள் இருக்கிறார்'. இழைகள் பிரிந்தாலும் 'ஆள் இருக்கிறார்', அதனால் வண்டி கட் ஆகவும் இல்லை. இரண்டாம் பேட்டரியில் பாடிக்கு உதவி இல்லை, இழைகள் பிரிந்த உடனே வண்டி நிற்கிறது. ஆபரேட்டர்கள் விரும்பிய பேட்டரிதான் பாதுகாப்பைச் செத்துப்போக வைத்தது. குறை சொல்லப்பட்ட பேட்டரி வண்டியில் இருந்த உண்மையான பழுதை நேர்மையாகக் காட்டிக்கொண்டிருந்தது.

'கட் ஆகும் புகார் தானாகச் சரியாகிவிட்டது' என்று புகார்ப் புத்தகத்தில் எழுதியிருந்தால் நான் இனி அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள மாட்டேன். யாரும் கை வைக்காமல் ஒரு பாதுகாப்பு ஸ்விட்சின் தொல்லை நின்றுபோனால், அந்த ஸ்விட்சே சுற்றிலிருந்து விலகிப்போயிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

எது பிடித்திருக்க வேண்டும்

ஃபியூஸ் ஏன் போகவில்லை என்று கேட்டார்கள். 50 வோல்ட் முழுவதும் 500 ஓம் வழியாக ஓடினாலும் 0.1 ஆம்பியர்தான். ஆம்பியர் கணக்கில் இருக்கும் ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது.

தினசரிச் செக்லிஸ்டில் ஹாரன், விளக்கு, பிரேக், டயர், ஃபோர்க், செயின், பேட்டரி பிளக், அவசர நிறுத்தம் எல்லாம் இருந்தன. சீட் ஸ்விட்சும் இருந்தது, 'நிலை: சரி' என்று டிக் போடும் வகையில். எழுந்து பார்க்கச் சொல்லவில்லை. பராமரிப்பு அட்டவணையில் பேட்டரி அமிலத்தின் அடர்த்தி, வோல்டேஜ் இரண்டும் அளக்கப்பட்டன. பேட்டரிக்கும் பாடிக்கும் இடையே யாரும் மீட்டரை வைத்ததில்லை. என் பார்வையில் இந்த வழக்கின் பெரிய ஓட்டை அதுதான். ஒயர் உரசல் எந்த வண்டியிலும் எப்போதும் நடக்கலாம், அதைத் தனியொரு பழுதாக உதறிவிடும்படிதான் வண்டியை வடிவமைத்திருக்கிறார்கள். அந்த வடிவமைப்பு, பாடி தனித்து நிற்கிறது என்ற ஒரே நம்பிக்கையில் நிற்கிறது. அதைத்தான் யாரும் சோதிக்கவில்லை.

ஒற்றை ஒயர் என்பதும் யோசிக்க வேண்டியது. ஸ்விட்சில் இரண்டு தொடுமுனை வைத்து, ஆள் உட்கார்ந்தால் ஒன்று இணையவும் மற்றது பிரியவும் செய்தால், பாடியிலிருந்து வரும் பொய் வோல்டேஜ் ஒன்றை ஏமாற்றினாலும் மற்றதோடு முரண்படும், கன்ட்ரோலர் பிழை சொல்லி நின்றுவிடும். சில வண்டிகளில் சாவி போட்ட பிறகு சீட் ஒருமுறை மாறினால்தான் ஓட்டம் கிடைக்கும். இந்த வண்டியில் இரண்டும் இல்லை.

சரி செய்தது

சீட் ஒயரை ஒட்டுப்போடவில்லை. ஸ்விட்சிலிருந்து கனெக்டர் வரை, அடிக்கடி வளைய ஏற்ற மெல்லிழை ஒயராகப் புதிதாக இழுத்தோம். கீலில் மூடி முழுவதும் திறந்தாலும் இழுபடாத அளவுக்குத் தளர்வு விட்டு, ஸ்பைரல் ஸ்லீவ் போட்டு, தகட்டு விளிம்பிலிருந்து விலக்கிக் கிளாம்ப் செய்தோம். பிறகு கன்ட்ரோலர் கனெக்டர்கள் கழன்ற நிலையில் ஒயரிங் முழுவதையும் பாடிக்கு எதிராக அளந்தோம். 48 வோல்ட்டுக்குத் தேவையான 48 கிலோ ஓமைவிட வெகு மேலே இருந்தது. உயர் வோல்டேஜ் ஏற்றி இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகரை எடுத்து வந்தவரைத் தடுக்க வேண்டியிருந்தது. 48 வோல்ட் எலக்ட்ரானிக்ஸ் மேல் 500 வோல்ட்டை ஏற்றினால் கன்ட்ரோலரின் கதை அங்கேயே முடிந்துவிடும்.

பேட்டரியில் வென்ட் மூடிகளை இறுக்கி, சமையல் சோடா கரைத்த நீரால் நுரை அடங்கும்வரை கழுவி, நல்ல தண்ணீரில் அலசினோம். சோடா நீர் செல்லுக்குள் போனால் அமிலத்தைக் கெடுத்துவிடும், அதனால்தான் மூடியை முதலில் பார்க்க வேண்டும். பெட்டிக்கு அடியில் தேங்கியதையும் உறிஞ்சி எடுத்தோம். துருப்பிடித்த இடத்தைத் தேய்த்து, அமிலம் தாங்கும் பூச்சு அடித்தோம். காய்ந்த பிறகு அதே ரெசிஸ்டர் சோதனையில் கசிவு எதிர்ப்பு 40 கிலோ ஓமைத் தாண்டியது. சார்ஜிங் அறையில் தண்ணீர் ஊற்றும் நேரத்தைச் சார்ஜுக்குப் பிறகு மாற்றினார்கள். புகை, தீப்பொறிக்குத் தடை அங்கே ஏற்கெனவே இருந்தது. சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றி வெடிக்கக்கூடும் என்பதால் அதைத் தளர்த்தப் போவதில்லை.

செக்லிஸ்டில் சீட் வரி இப்போது செய்கையாக மாறியிருக்கிறது. ஆளில்லாத திறந்த இடம், சுமை இல்லாமல் ஃபோர்க் கீழே, பார்க்கிங் பிரேக் போட்டு, திசை நியூட்ரலில். கால்கள் வண்டித் தளத்திலேயே இருக்க, சீட்டிலிருந்து எழுந்து மூன்று எண்ணிவிட்டு டில்ட் லீவரைத் தொட வேண்டும். பம்ப் ஓடினால் சாவியை எடுத்து, பிளக்கைப் பிடுங்கி, அட்டை மாட்டி வண்டியை ஒதுக்கிவிட வேண்டும். பேட்டரி மாற்றினால் இதை மறுபடி செய்ய வேண்டும். ஷிஃப்டுக்கு ஒருமுறை என்று எழுதியிருந்தால் இந்த வழக்கின் பழுது நழுவியிருக்கும்.

லித்தியம் பேட்டரிக்கு மாறினால் போதாதா என்று ஒருவர் கேட்டார். அமில வழிசல் போகும், உண்மைதான். கீலில் நசுங்கும் ஒயர் போகாது. வேறொரு ஒயர் பிளஸோடு பாடியைத் தொட்டால் அதே காட்சி மறுபடி அரங்கேறும்.

அதே மாதிரி வண்டிகள் அந்தக் கிடங்கில் இன்னும் சில உண்டு. எல்லாவற்றிலும் மூடி சாத்திய நிலையில் சீட் ஒயரை அளந்தோம். இன்னொரு வண்டியிலும் அதே கீல் அருகே ஒயரின் மேலுறை தேய்ந்திருந்தது, செம்பு இன்னும் வெளியே வரவில்லை. அதையும் மாற்றியாயிற்று. இரண்டு தொடுமுனை சீட் ஸ்விட்ச் பொருத்த முடியுமா, கன்ட்ரோலரின் மென்பொருள் அதை ஏற்குமா என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம். அவர்கள் ஒப்புதல் இல்லாமல் பாதுகாப்புச் சுற்றில் யாரும் கை வைப்பதில்லை என்றும் முடிவாகியிருக்கிறது. பதில் வரும்வரை பேட்டரிக்கும் பாடிக்கும் இடையிலான ரெசிஸ்டர் சோதனை வாரம் ஒருமுறை, இரண்டு பேட்டரிக்கும் நடக்கும்.